யுபிக்விடஸ்: கொரியர்களுக்கு இந்தப் பெயரடையில் என்ன சிக்கல்?

தேஜொன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொரியாவில் தேஜொன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் ஒரு கொரியப் பெண் இருக்கிறார். ஆற்று நீரில் கலந்திருக்கும் மைக்ரோபிளாஸ்டிக் பற்றியது அவருடைய ஆய்வு. ஆங்கிலக் கட்டுரையின் வரைவை என்னிடம் பார்க்கக் கொடுத்தார். இந்தத் துறையில் 'யுபிக்விடஸ்' (எங்கும் இருக்கிற) என்ற சொல் இல்லாமல் முன்னுரை எழுதுபவர்கள் குறைவு. அவரும் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்:

'தி யுபிக்விடஸ் ஆஃப் மைக்ரோபிளாஸ்டிக்ஸ் இஸ் எ சீரியஸ் ப்ராப்ளம்.'
'மைக்ரோபிளாஸ்டிக்ஸ் ஆர் எக்ஸிஸ்டிங் யுபிக்விடஸ் இன் ரிவர்ஸ்.'
'திஸ் மெத்தட் இஸ் வெரி யுபிக்விடஸ் அமாங் ரிசர்ச்சர்ஸ்.'

மூன்றுமே இடறுகின்றன. திருத்திக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் கேட்பது திருத்தம் அல்ல, காரணம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோயிக் தேர்வில் 900க்கு மேல் வாங்கியவர். "அகராதியில் 'எங்கும் இருக்கிற' என்றுதானே போட்டிருக்கிறது, அதைத்தானே எழுதினேன்" என்கிறார். இங்கே கொரிய மொழி நன்றாகத் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள், ஆங்கிலம் கற்பித்தவர்களும் இருக்கிறீர்கள். கொரியத்தில் யோசிக்கும் ஒருவர் இந்த மாதிரி கனமான ஆங்கிலப் பெயரடையைப் பிடித்துக்கொள்வது எப்படி?

கடலோரக் கணினி

முதல் வாக்கியத்துக்குக் காரணம் இலக்கணமே இல்லை நண்பரே, கொரிய அரசாங்கம்!

நான் இருப்பது சொங்தோவில். இஞ்சொன் பக்கம் கடலைத் தூர்த்துக் கட்டிய ஊர். இந்த ஊரை விளம்பரப்படுத்திய காலத்தில் எங்கு பார்த்தாலும் 'யுபிக்வொதொஸு' என்றுதான் எழுதியிருப்பார்கள். அதே ஆங்கிலச் சொல்தான், கொரிய எழுத்தில். சொல்லின் பயணம் இப்படி: அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த மார்க் வைசர், கணினி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியுள்ள எல்லாவற்றிலும் கலந்துவிடும் என்ற கருத்துக்கு 'யுபிக்விடஸ் கம்ப்யூட்டிங்' என்று பெயர் வைத்தார். 1991ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலாகியது. 2000க்குப் பிறகு கொரியாவும் ஜப்பானும் அதை அரசுத் திட்டமாகவே எடுத்துக்கொண்டன. கொரியாவில் 2006ல் 'யு-கொரியா' திட்டம். 2008ல் ஒரு சட்டமே போட்டார்கள், பெயரிலேயே 'யுபிக்வொதொஸு நகரம்' என்று வரும். ஹ்வாசொங்கில் உள்ள தொங்தான் அந்த வகையில் முதலில் வந்த நகரங்களில் ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் 'யு' ஒட்டினார்கள்: யு-சிட்டி, யு-ஹெல்த், யு-லேர்னிங்.

கவனியுங்கள், இதில் 'கம்ப்யூட்டிங்' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. ஏர் கண்டிஷனரை 'எயொகொன்' என்று நறுக்கியவர்கள், அபார்ட்மெண்டை 'அப்பாத்து' ஆக்கியவர்கள், இதிலும் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக கொரியத்தில் யுபிக்வொதொஸு ஒரு பெயர்ச்சொல், ஒரு தொழில்நுட்பத்தின் பெயர். 'யுபிக்வொதொஸு காலம் வந்துவிட்டது' என்று பேசுவார்கள். உங்கள் தோழி 'தி யுபிக்விடஸ் ஆஃப்' என்று எழுதியது அதனால்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'யுபிக்விட்டி' வர வேண்டும்.

2017ல் அதே சட்டத்தின் பெயரை 'ஸ்மார்ட் நகரம்' என்று மாற்றிவிட்டார்கள். இப்போது எல்லாம் ஸ்மார்ட். இன்று பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு யுபிக்வொதொஸு அப்பா காலத்துச் சொல்.

நாலாம்நம்பர்

எவ்ரிவேர் என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. எதற்கு இந்த வம்பு?

பழைய பேனா

நாலாம்நம்பர் தம்பி, போடலாம். பேச்சில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 'எவ்ரிவேர்' வினையடை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதை உட்கார வைக்க முடியாது. 'தி யுபிக்விடஸ் பிளாஸ்டிக் பாட்டில்' என்று சொல்லலாம், 'தி எவ்ரிவேர் பிளாஸ்டிக் பாட்டில்' என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பார்கள்.

அப்புறம், அந்த 'தி' போட்டு முன்னால் வைக்கும்போது ஒரு சலிப்பு கலந்த தொனி வருகிறது. எங்கே திரும்பினாலும் இதுதானா, என்ற மாதிரி. முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில் எனக்குத் தெரிந்தவரை இந்தத் தொனியை எந்த இருமொழி அகராதியும் சொல்வதில்லை. 'பெர்வேசிவ்', 'ரேம்பன்ட்', 'வைட்ஸ்ப்ரெட்', 'காமன்' எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் ஒன்றைப் போட்டால் வாக்கியத்தின் முகம் மாறிவிடும்.

அறிவியல் கட்டுரையில் அந்தச் சலிப்பு கிடையாது. அங்கே 'ஆர் யுபிக்விடஸ் இன்' என்று வாக்கியத்தின் பின்பாதியில் வரும், வெறும் தகவலாக. கொரியத் தோழிக்கு இப்போதைக்கு அந்த ஒரு சட்டகம் போதும் என்பது என் எண்ணம்.

சித்திரக்குள்ளி

இரண்டாவது வாக்கியத்துக்கு நான் வருகிறேன். கொரிய ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, இந்தப் பிழையைத் தினமும் பார்க்கிறேன்.

கொரியத்தில் நாம் நினைக்கிற மாதிரி பெயரடை என்று தனியாக ஒன்று இல்லை. பள்ளி இலக்கணத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் நடத்தையில் அது வினை. 'யெப்புதா' என்றால் 'அழகு' இல்லை, 'அழகாக இருக்கிறது' என்று முழு வாக்கியமே அதில் முடிந்துவிடும். இறந்த காலம் வேண்டுமா, 'யெப்பொத்தா'. பெயருக்கு முன்னால் வைக்க வேண்டுமா, 'யெப்புன்'. 'இரு' என்று தனியாக ஒரு துணை தேவையில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 'இனிது', 'அரிது', 'பெரிது' என்று நம்மிடம் குறிப்பு வினைமுற்று இருக்கிறது அல்லவா? 'யாழ் இனிது' என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, 'இருக்கிறது' வேண்டாம். 'பெரிய', 'நல்ல' என்ற குறிப்புப் பெயரெச்சங்கள் கொரியத்தின் 'யெப்புன்' வேலையைச் செய்கின்றன. வித்தியாசம் ஒன்று: நம் குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது, கொரியம் காட்டும். எனவே கொரியருக்கு 'யெப்புதா' என்பது 'ஓடுகிறது', 'விழுகிறது' வரிசையில் ஒரு சொல். ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஷி ப்ரிட்டி' என்று 'இஸ்' இல்லாமல் எழுதுவார்கள். பிறகு ஆசிரியர் திட்டித் திட்டி 'இஸ்' வந்துவிடும். உயர்நிலைச் சொல்லில் மட்டும் பழைய வழி வேறு வேடத்தில் திரும்ப வரும்.

அதுதான் உங்கள் தோழிக்கு நடந்தது. அகராதியில் அவர் பார்த்த விளக்கம் 'ஒதியேனா இன்னுன்'. 'எங்கும் இருக்கிற' என்று பொருள். அதற்குள்ளேயே 'இரு' என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. அவர் மனதில் வாக்கியம் கொரியத்தில் உருவாகிறது: ஆறுகளில் எங்கும் இருந்துகொண்டிருக்கிறது. கொரிய ஆய்வுக் கட்டுரைகளில் 'இருந்துகொண்டிருக்கிறது' என்ற பாணி சாதாரணம். அந்த 'இருந்துகொண்டிருக்கிற'தற்கு 'ஆர் எக்ஸிஸ்டிங்', 'எங்கும்' என்பதற்கு 'யுபிக்விடஸ்'. அதாவது ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இருந்த 'இரு'வை வெளியே எடுத்து இன்னொரு தடவை எழுதிவிட்டார். யுபிக்விடஸ் அவர் கையில் வினையடை ஆகிவிட்டது.

எனவே அவருக்குச் சொல்ல வேண்டியது: இந்தச் சொல்லுக்குள் 'இருப்பது' ஏற்கனவே அடங்கிவிட்டது. 'ஆர்' மட்டும் போதும், 'எக்ஸிஸ்ட்' வேண்டாம்.

கூட்டாஞ்சோறு

அக்கா அருமை. கொரியத்துக்கும் தமிழுக்கும் இவ்வளவு ஒற்றுமை என்றால் அவர்கள் அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் கூப்பிடுவதும் அதனால்தானே? இரண்டும் ஒரே குடும்பம் என்று படித்தேன்.

சித்திரக்குள்ளி

இல்லை தம்பி. அம்மா அப்பா போன்ற மழலைச் சொற்கள் உலகம் முழுக்க ஒத்துப்போகும். வாக்கிய அமைப்பு ஒற்றுமை துருக்கியத்துக்கும் உண்டு, ஜப்பானியத்துக்கும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.

மட்டுறுத்துநர்

ஒம்மா, அப்பா விவாதத்துக்கு ஏற்கனவே மூன்று இழைகள் உள்ளன. இங்கே வேண்டாம்.

காரம்சாரம்

சியோலில் ஒரு ஹாக்வொனில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: ஹாக்வொன் என்றால் தனியார் பயிற்சி நிலையம், பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் போகும் இன்னொரு பள்ளி.

900 மதிப்பெண் வாங்கியும் ஏன் எழுத வரவில்லை என்று தேஜொன்வாசி ஆச்சரியப்படுகிறார். இதில் ஆச்சரியமே இல்லை. டோயிக்கின் ஐந்தாம் பகுதியில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், 30 கேள்விகள். நாலு விருப்பத்திலும் ஒரே வேர்ச்சொல், விகுதி மட்டும் மாறியிருக்கும், அப்படிச் சில கேள்விகள் கட்டாயம் வரும். ஹாக்வொனில் சொல்லிக்கொடுப்பது: வாக்கியத்தைப் படிக்காதே. 'தி'க்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் கோடு இருந்தால் அங்கே பெயரடை. 'அஸ்' என்று முடிவதைத் தேடு, குறி, அடுத்த கேள்விக்குப் போ. பிள்ளைகள் சில நொடிகளில் குறித்துவிடுவார்கள். சொல்லின் பொருள் தெரியாமலே மதிப்பெண் வரும்.

சுனுங் வேறு ரகம். பல்கலைக்கழக நுழைவுக்கான அந்தத் தேர்வில் ஆங்கிலம் 70 நிமிடம், 45 கேள்வி, அதில் 17 கேட்டல். கேட்டல் நடக்கும் அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமான பொழுதில் நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. அவ்வளவு மரியாதை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் முதல் தரம். 2025 நவம்பர் தேர்வில் முதல் தரம் வாங்கியவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கூச்சல் கிளம்பி, தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தலைவரே டிசம்பரில் பதவி விலகினார். அப்படிப்பட்ட தேர்வில்கூட மாணவர் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டியதில்லை. எல்லாம் குறிப்பதுதான். சொல்லை அடையாளம் காண்பதில் இவர்கள் புலி. பயன்படுத்த ஒருவரும் கேட்டதே இல்லை.

ஆனால் ஒன்று. சொற்பட்டியலைக் கேலி செய்வதை நான் ஏற்க மாட்டேன். 'தனொஜாங்' என்று சொல்வார்கள், இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் கொரியம். அதை மனப்பாடம் செய்யாமல் யாரும் ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கும் நிலைக்கு வரவில்லை. 'நிறையப் படி, தானாக வரும்' என்பது ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர்கள் சொல்லும் அறிவுரை. யுபிக்விடஸ் போன்ற சொல் ஒரு நாவலில் எத்தனை தடவை வரும்? அதற்காகக் காத்திருந்தால் பட்டம் வாங்கியபின்தான் சொல் வரும்.

பழைய பேனா

பட்டியல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே ஐயா. வலது பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருப்பதுதான் தொல்லை. அங்கே ஒரு சொல்லுக்குப் பதில் அந்தப் பெயரடையோடு வழக்கமாக வரும் மூன்று பெயர்ச்சொற்களை எழுதினால் பட்டியலே வேறு ஆளாகிவிடும்.

காரம்சாரம்

மூவாயிரம் சொல்லுக்கு ஒன்பதாயிரம் பெயர்ச்சொல்லா? பதினேழு வயதுப் பிள்ளை தூங்க வேண்டாமா சார்? முனைவர் பட்ட மாணவிக்கு உங்கள் வழி சரி. பள்ளிப் பிள்ளைக்கு நடக்காது.

சித்திரக்குள்ளி

இருவரும் சொல்வது சரிதான், ஆட்கள் வேறு. ஆனால் காரம்சாரம், இந்தக் குறிப்பிட்ட சொல்லுக்கு அந்த வலது பக்கம் ஆபத்தானது. சில பட்டியல்களில் 'ப்யொன்ஜேஹானுன்' என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கொரியத்தின் கனமான சொற்கள் பெரும்பாலும் சீன எழுத்திலிருந்து வந்தவை. இன்று அந்த எழுத்தை யாரும் எழுதுவதில்லை, ஒலியை மட்டும் கொரிய எழுத்தில் எழுதுகிறார்கள். 'ப்யொன்ஜே' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. சீன எழுத்தில் முதல் எழுத்து வேறு வேறு. ஒன்றுக்குப் பொருள் 'எங்கும் பரந்திருப்பது'. மற்றதற்குப் பொருள் 'ஒரே பக்கம் குவிந்திருப்பது'. நேர் எதிர்! செய்தித்தாளில் அடிக்கடி வருவது இரண்டாவதுதான், செல்வம் ஒரு சிலரிடம் குவிந்து கிடக்கிறது என்று எழுதும்போது. ஆக ஒரு மாணவர் யுபிக்விடஸுக்கு 'ப்யொன்ஜே' என்று மனப்பாடம் செய்துவிட்டு, தனக்குத் தெரிந்த செய்தித்தாள் பொருளை அதில் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. மைக்ரோபிளாஸ்டிக் ஆற்றில் ஓரிடத்தில் மட்டும் குவிந்திருக்கிறது என்று புரிந்துகொள்வார்.

இன்னொரு உதாரணம் சொல்லிவிடுகிறேன், இது யுபிக்விடஸ் அல்ல என்றாலும். கொரியத்தில் 'ஜொக்' என்ற ஒட்டு உண்டு. 'க்யொங்ஜேஜொக்' என்றால் பொருளாதாரம் சார்ந்த என்றும் பொருள், சிக்கனமான என்றும் பொருள். ஆங்கிலத்தில் 'எகனாமிக்' வேறு, 'எகனாமிகல்' வேறு. 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிகல்' இரண்டுக்கும் அதே கதை. வலது பக்கத்தில் ஒரே சொல், இடது பக்கத்தில் இரண்டு. எத்தனை பட்டியல் படித்தாலும் இது தெளியாது.

தேஜொன்வாசி

ப்யொன்ஜே விஷயத்தைத் தோழியிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். பள்ளியில் அப்படித்தான் மனப்பாடம் செய்தாராம், எது எந்த ப்யொன்ஜே என்று யாரும் சொல்லவில்லையாம். ஆராய்ச்சிக்கு வந்து கட்டுரைகளைப் படித்தபிறகுதான் 'எங்கும்' என்பது உறுதியானது என்றார். தேவாலயத்துக்குப் போகிற குடும்பம் அவருடையது. அங்கே கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதற்கு 'முசொபுஜே' என்று வேறு சொல் இருக்கிறதாம். அதை வைத்து யுபிக்விடஸைப் புரிந்துகொள்ளலாமா என்று கேட்டார்.

பழைய பேனா

கூடாது. அதற்கு 'ஆம்னிப்ரெசன்ட்' இருக்கிறது. நம்மிடம் 'நீக்கமற நிறைந்திருக்கும்' என்று சொல்வோமே, அந்த எடை. யுபிக்விடஸ் அப்படியில்லை. ஒவ்வொரு அங்குலத்திலும் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. போகிற இடத்திலெல்லாம் தட்டுப்பட்டால் போதும்.

கடலோரக் கணினி

அப்படியென்றால் கொரியாவில் யுபிக்விடஸுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். வீட்டை விட்டு இறங்கினால் போதும்.

24 மணி நேரக் கடை: 5 கோடிக்குச் சற்று அதிகமான மக்களுக்கு 50,000க்கு மேல். என் குடியிருப்பின் வாசலில் ஒன்று, எதிர்ச்சாரியில் போட்டிக்கு ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பு: நாட்டின் குடும்பங்களில் பாதிக்கு மேல் அதில்தான். இரவில் குன்றின் மேலிருந்து பார்த்தால் சிவப்பு நியான் சிலுவைகள். உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்கள். கண்காணிப்புக் கேமரா. பொரித்த கோழிக் கடை. அப்புறம் ஐஸ் அமெரிக்கானோ! ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் கையுறை போட்ட கையில் ஐஸ் காபியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உறைந்து செத்தாலும் ஐஸ்தான் என்பதற்கு 'ஒல்ஜுகா' என்று ஒரு சுருக்கச் சொல்லே உண்டு.

தோழி இந்தப் பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக 'தி யுபிக்விடஸ்' பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று அவருக்கே தெரியும். யாரோ எழுதிய உதாரணத்தைவிட இது நிற்கும்.

நாலாம்நம்பர்

கிம்ச்சி?

கடலோரக் கணினி

கிம்ச்சியும் ஒட்டும். ஆனால் கொரியர் ஒருவர் 'தி யுபிக்விடஸ் கிம்ச்சி' என்று எழுத மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன். அது பயணக் கட்டுரை எழுதும் வெளிநாட்டுக்காரர் பார்வை. சொந்தச் சாப்பாட்டைப் பார்த்து 'எங்கு பார்த்தாலும் இதுதான்' என்று யார் வியப்பார்கள்? நாம் 'எங்கும் காணப்படும் சோறு' என்று எழுதுகிறோமா?

பழைய பேனா

இதுதான் நான் சொன்ன தொனி. சொல்பவர் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். காற்றை யாரும் யுபிக்விடஸ் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை, அது இல்லாத இடத்தை நாம் பார்த்ததே இல்லை.

காரம்சாரம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், பெயர்ச்சொல்லோடு படிப்பது நல்ல வழிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. கொரியத்தில் 'மன்யொன்' என்று ஒரு சொல் உண்டு. ஊழல், நோய், போதைப்பொருள் போன்றவை பரவிக் கிடப்பதற்கு மட்டும் வரும். நல்லதற்கு வராது. யுபிக்விடஸைப் பார்த்ததும் பல மாணவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. மைக்ரோபிளாஸ்டிக் கெட்டது என்பதால் உங்கள் தோழிக்கு அந்தப் பழக்கம் இன்னும் உறுதியாகும். ஒரு நல்ல பொருளையும் சேர்த்துப் பழகச் சொல்லுங்கள். மண்ணில் இருக்கும் பாக்டீரியா, செல்லில் இருக்கும் புரதம், எதுவானாலும்.

தேஜொன்வாசி

புரதம் என்றதும் நினைவுக்கு வந்தது. யுபிக்விட்டின்! எங்கள் கட்டடத்தில் மேல் மாடி முழுக்க அதைத்தான் ஆராய்கிறார்கள். கழித்துக்கட்ட வேண்டிய புரதங்களுக்குச் செல் ஒட்டும் சீட்டு அது. 1975ல் கிடியன் கோல்ட்ஸ்டைன் குழு கண்டுபிடித்தபோது எல்லாத் திசுக்களிலும் இருப்பதாகத் தெரிந்ததால் இந்தப் பெயர். 2004ல் வேதியியல் நோபல் பரிசு இதை வைத்துத்தான் சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் போனது.

தோழி இந்தச் சொல்லைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே வேர் என்று அவர் யோசித்ததில்லை, காரணம் கொரிய எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. புரதத்தின் பெயரில் மூன்றாம் அசை 'க்வி'. யுபிக்வொதொஸுவில் 'க்வொ'.

சித்திரக்குள்ளி

அட, இது நல்ல வழி! உச்சரிப்புப் பிரச்சினைக்கு மருந்து இதிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் நாலு அசை: யு-பிக்-வி-டஸ். அழுத்தம் 'பிக்' மேல். கொரியத்தில் ஐந்து அசை: யு-பி-க்வொ-தொ-ஸு. கடைசி 'ஸ்' தனியாக நிற்காது, அதற்கு ஒரு உயிரொலி ஒட்டிக்கொள்ளும். சியோல் பேச்சில் ஆங்கிலத்தைப் போல ஓர் அசையைத் தூக்கிச் சொல்லும் வழக்கமும் இல்லை, எல்லா அசையும் சமம். ஆக மாநாட்டில் அவர் சமமாக ஐந்து அசையையும் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. அவர் ஐந்தும் தெளிவாகத்தானே சொன்னேன் என்று குழம்புவார்.

அவரிடம் 'யுபிக்விட்டின்' என்று சொல்லச் சொல்லுங்கள். அதை ஆங்கிலக் கருத்தரங்குகளில் பல முறை கேட்டிருப்பார், அழுத்தம் சரியாக விழும். பிறகு 'டின்'னை எடுத்துவிட்டு 'டஸ்' வைக்கட்டும். 'க்வொ' என்ற நகரத் திட்டக் காலத்து ஒலி தானாகப் போய்விடும்.

கூட்டாஞ்சோறு

மூன்றாவது வாக்கியத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'வெரி யுபிக்விடஸ்' தப்பா?

பழைய பேனா

என்னைக் கேட்டால் தப்பு. எங்கும் இருப்பதில் 'மிக' எங்கும் இருப்பது என்று ஒன்று உண்டா? 'நியர்லி யுபிக்விடஸ்', 'ஆல்மோஸ்ட் யுபிக்விடஸ்' சரி, எல்லையை நெருங்குகிறது என்று பொருள்.

சித்திரக்குள்ளி

நான் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன் ஐயா. 'இன்க்ரீசிங்லி யுபிக்விடஸ்' என்று படித்தவர்களே தாராளமாக எழுதுகிறார்கள். எங்கும் இருப்பது கூடிக்கொண்டே போகலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? நீங்கள் சொல்லும் தர்க்கப்படி அதுவும் தப்பாக வேண்டும்.

பழைய பேனா

அதையும் நான் எழுத மாட்டேன். ஆனால் மற்றவர் எழுதினால் அடிக்கவும் மாட்டேன். 'வெரி'யை மட்டும் அடிப்பேன்.

சித்திரக்குள்ளி

அதில் உங்கள் பக்கம் வருகிறேன். 'வெரி' அந்த இடத்தில் வெறும் எடை. கொரியத்தில் எந்தப் பெயரடைக்கும் முன்னால் 'மேஉ' என்று கூச்சமில்லாமல் போடலாம், கட்டுரையிலும் போடுகிறார்கள். அதுதான் இங்கே 'வெரி' ஆகியிருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்தின் உண்மையான பிரச்சினை 'வெரி' இல்லை. அவர் சொல்ல வந்தது 'ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் முறை'. அதற்கு 'வைட்லி யூஸ்ட்' என்ற எளிய தொடர் இருக்கிறது. யுபிக்விடஸ் கற்றுக்கொண்டதும் அதைப் போடாத இடமில்லை என்று ஆகிவிடக் கூடாது. ஒரே முன்னுரையில் மூன்று தடவை வந்தால் மதிப்பாய்வாளர் சொல்லைத்தான் பார்ப்பார், விஷயத்தைப் பார்க்க மாட்டார்.

தேஜொன்வாசி

தோழியுடன் உட்கார்ந்து முன்னுரையைத் திரும்ப எழுதியாயிற்று. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, இந்த இழையில் இருப்பதைக் கொரியத்தில் விளக்கினேன், அவரே எழுதினார்:

'மைக்ரோபிளாஸ்டிக்ஸ் ஆர் நவ் ஆல்மோஸ்ட் யுபிக்விடஸ் இன் அர்பன் ரிவர்ஸ்.' பிறகு இரண்டு பத்தி தள்ளி, 'தி யுபிக்விட்டி ஆஃப் தீஸ் பார்ட்டிகிள்ஸ்' என்று ஒரு தடவை. மூன்றாவது இடத்தில் 'வைட்லி யூஸ்ட்'.

அவருடைய தனொஜாங்கில் யுபிக்விடஸுக்கு எதிரே இருந்த 'ப்யொன்ஜே'யை அடித்துவிட்டு ஆறு, மண், 24 மணி நேரக் கடை, ஐஸ் அமெரிக்கானோ என்று எழுதியிருக்கிறார். 'அப்பாத்து'வைச் சேர்க்கலாமா என்று நேற்று ஒரு சந்தேகம், அவர் ஊர் மலையோரக் கிராமம், அங்கே அப்பாத்து கிடையாதாம்.

கடலோரக் கணினி

அப்படியானால் அவர்தான் 'தி யுபிக்விடஸ் அப்பாத்து' என்று எழுதத் தகுதியானவர். நான் அதற்குள்ளேயே கிடக்கிறேன்.

தேஜொன்வாசி

ஹா ஹா, சொல்கிறேன். இப்போது அவர் அடுத்த சொல்லோடு வந்திருக்கிறார்: 'ரோபஸ்ட்'. புள்ளியியல் பகுதியில் ஆறு இடத்தில் போட்டிருக்கிறார். கொரிய அகராதியில் உடல் திடகாத்திரம் என்ற பொருள்தான் முதலில் வருகிறதாம்.

மட்டுறுத்துநர்

ரோபஸ்டுக்குப் புதிய இழை தொடங்குங்கள். அந்த ஆறு வாக்கியங்களையும் அங்கே முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய பேனா ஐயாவும் சித்திரக்குள்ளி அக்காவும் ஊகத்திலேயே சண்டை போடுவார்கள்.